பந்திங்கில் பந்தய இரவுச் சாப்பாடு: பெயர்ப் பலகை இல்லாத ஒரு கடை

மலேசியாவின் பந்திங் கடைத்தெருவைத் தாண்டிச் செம்பனைத் தோட்டங்களுக்குள் திரும்பும் சாலையில், பழைய தொழிலாளர் லயங்களுக்கு எதிரே, தகரக் கூரை போட்ட ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கிறது. அதற்குப் பெயர்ப் பலகை கிடையாது. அக்கம்பக்கத்தார் 'அண்ணன் கடை' என்றே சொல்கிறார்கள். பகலில் சோறும் ரொட்டி சானாயும் விற்கும் இந்தக் கடையில், மோட்டோஜிபி என்னும் உலக மோட்டார் சைக்கிள் பந்தயம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பின்சுவரில் வெள்ளைத் துணியைக் கட்டிப் பந்தயத்தைப் பெரிதாகக் காட்டுகிறார்கள். ஐரோப்பியப் பந்தயங்கள் பெரும்பாலும் நம் நேரப்படி இரவு 8 மணிக்குத் தொடங்குவதால், இரவுச் சாப்பாடும் பந்தயமும் ஒரே நேரத்தில் அமைந்துவிடுகின்றன. 2021 இறுதியிலிருந்து நான் இங்கே போய்வருகிறேன்.

சாப்பாட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அக்கா வைக்கும் மீன் புளிக்குழம்பு இந்த வட்டாரத்திலேயே நான் சாப்பிட்டவற்றில் மிகச் சிறந்தது. மோரிப் பக்கத்திலிருந்து வரும் மீனைக் காலையிலேயே வாங்கி, குழம்பை மாலைவரை ஊறவிடுகிறார். புளிப்பு தூக்கலாக இருந்தாலும் மீனின் சுவை அதில் அடிபடுவதில்லை. சோறு, ஒரு பொரியல், ரசம் ஆகியவற்றுடன் 10 வெள்ளி (ரிங்கிட்). ஆட்டு வறுவல் பரவாயில்லை. மீ கோரெங் என்னும் வறுத்த நூடுல்ஸில் இனிப்பு அதிகம் என்பதால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தே தாரிக் என்னும் ஆற்றிய பால் தேநீர் நன்றாக இருக்கிறது.

இந்தக் கடைக்காக நான் 20 நிமிடம் மோட்டார் ஓட்டி வருவதற்குக் காரணம், சாப்பாட்டை விட, இங்கே பந்தயத்தைப் பற்றி நடக்கும் பேச்சை அண்ணன் நடத்திச் செல்லும் விதம்தான். செப்பாங் ஓடுதளம் நமக்குப் பக்கம் என்பதால், 2015 அக்டோபர் 25 அன்று அங்கே நடந்ததை இந்த ஊரில் பலர் நேரில் பார்த்திருக்கிறார்கள், நானும் பார்த்தேன். பந்தயத்துக்கு மூன்று நாள் முன்பு, வியாழக்கிழமை செய்தியாளர் சந்திப்பில், பந்தய வீரர் வாலென்டினோ ரோசி, அந்த ஆண்டுப் பட்டத்துக்குத் தன்னோடு போட்டியிட்ட ஹொர்ஹே லொரென்சோவுக்கு உதவும்படி, அதற்கு முந்தைய பிலிப் ஐலண்ட் பந்தயத்தில் மார்க் மார்க்கேஸ் ஓட்டினார் என்று வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார். ஞாயிறன்று 7-ஆவது சுற்றில், 14-ஆவது வளைவில், இருவரும் உரசிக்கொண்டதில் மார்க்கேஸ் விழுந்தார். ரோசி வேண்டுமென்றே அகலமாக ஓட்டி அவரைப் பாதையிலிருந்து விலக்கினார் என்று முடிவு செய்த பந்தய நிர்வாகம், ரோசிக்கு 3 தண்டனைப் புள்ளிகள் கொடுத்தது. முன்பே இருந்த 1 புள்ளியோடு சேர்ந்து அது 4 ஆனதால், அவர் அந்த ஆண்டின் கடைசிப் பந்தயமான வலென்சியாவில் கடைசி வரிசையிலிருந்து கிளம்ப வேண்டியதாயிற்று. அங்கே லொரென்சோ முதலாவதாக வந்தார், ரோசி நான்காவதாக வந்தார். 330-க்கு 325 என்ற கணக்கில், வெறும் 5 புள்ளியில், உலகப் பட்டம் ரோசியின் கைநழுவியது.

பத்து ஆண்டுகளாக இந்தக் கடையில் அதைப் பற்றிய சண்டை ஓயவில்லை. நான் முதன்முதலில் இங்கே வந்து, ரோசி ரசிகர்களின் மஞ்சள் சட்டையோடு உட்கார்ந்து, மார்க்கேஸ்தான் எல்லாவற்றையும் கெடுத்தார் என்று உரக்கப் பேசியபோது, அண்ணன் தட்டை வைத்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, அன்னிக்கு செப்பாங்குல ஜெயிச்சது யாருன்னு சொல்லுங்க. அப்புறம் யார் மேல பழின்னு பேசுவோம்." எங்கள் மேசையில் நான்கு பேர் இருந்தோம்; நான்கு பேருமே நேரில் பார்த்தவர்கள்; ஒருவருக்கும் உடனே வாய் திறக்கவில்லை. வென்றவர் டானி பெட்ரோசா. இதுதான் அந்தக் கடையின் வழக்கம்: பழி சொல்கிறவர் முதலில் பந்தயத்தின் விவரத்தைச் சொல்லியாக வேண்டும். அப்படிச் சொல்லிப் பார்க்கும்போது பல குற்றச்சாட்டுகள் நிற்பதில்லை. பிலிப் ஐலண்டில் கடைசிச் சுற்றில் லொரென்சோவை முந்தி வென்றவரே மார்க்கேஸ்தான்; உதவ நினைத்தவர், முதலிடத்துக்குக் கிடைக்கும் கூடுதல் 5 புள்ளிகளை லொரென்சோவிடமிருந்து ஏன் பறிக்க வேண்டும்? அந்த ஆண்டில் லொரென்சோ 7 பந்தயங்களை வென்றார், ரோசி 4 பந்தயங்களை வென்றார். செப்பாங்கில் மார்க்கேஸ் ரோசியோடு அப்படி மல்லுக்கட்டியது அவசியமற்றது என்றுதான் இன்றும் கருதுகிறேன். ஆனால் பட்டத்தை அவர் திருடினார் என்று இனி நான் சொல்ல மாட்டேன். இந்த மாற்றத்தை எனக்குள் ஏற்படுத்தியது இந்தக் கடைதான்.

ஓய்வு பற்றிய பேச்சு வந்தால் முன்மேசைப் பெரியவர்களும் சேர்ந்துகொள்வார்கள். அவர்கள் தோட்டத்தில் ஓய்வு பெற்றவர்கள்; பந்தய விவரம் அதிகம் தெரியாது. பந்தய வீரர் கேசி ஸ்டோனர் 2012-இல் 27 வயதில் விலகினார் என்று கேட்டபோது அவர்களில் ஒருவரால் அதை நம்பவே முடியவில்லை. ஆனால் லொரென்சோ 2019-இல் நெதர்லாந்தின் அசென்னில் விழுந்து முதுகெலும்பு முறிந்து, அந்த ஆண்டின் இறுதியிலேயே 32 வயதில் ஓய்வை அறிவித்தார் என்று சொன்னவுடன் அவர் தலையசைத்தார். செம்பனைக் குலை வெட்டி வெட்டியே இடுப்பு போனவர் அவர். உடம்பு போதும் என்று சொல்வது எப்படி இருக்கும் என்பதை எங்களில் எவரையும் விட நன்கு அறிந்தவர்.

ரோசி தமது கடைசி ஆண்டில் ஓட்டியது பெட்ரோனாஸ் எண்ணெய் நிறுவனத்தின் ஆதரவுடன் இயங்கிய மலேசியக் குழுவுக்கு. ஆனால் பெருந்தொற்றால் 2021-இலும் செப்பாங் பந்தயம் நடக்கவில்லை; நம் நாட்டுக் குழுவின் வண்டியில் அவரை நம் மண்ணில் நாம் பார்க்கவே இல்லை. அந்த ஏக்கத்தோடுதான் 2021 நவம்பர் 14 இரவு, வலென்சியாவில் அவருடைய கடைசிப் பந்தயத்தை இங்கே பார்த்தோம். 42 வயதில் பத்தாவதாக வந்து முடித்தார். மார்க்கேஸ் ரசிகர்களான இளைஞர்களும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அன்று சுவரில் கட்டிய, ரோசியின் 46-ஆம் எண் கொடி வெளுத்துவிட்டது. 2020-இல் கை முறிந்து, நான்கு அறுவைச் சிகிச்சைகளுக்குப் பின் 2025 செப்டம்பரில் ஜப்பானின் மொதேகியில் மார்க்கேஸ் தமது ஒன்பதாவது உலகப் பட்டத்தை உறுதிசெய்து ரோசியின் எண்ணிக்கையைத் தொட்ட நாளில், அதே சுவரில் அவருடைய 93-ஆம் எண் கொடியும் ஏறியது. அதைக் கட்டுவதற்கு நாற்காலியைப் பிடித்துக்கொண்டவர்களில் நானும் ஒருவன்.

குறைகளும் உண்டு. ரொட்டி சுடும் புகை திரைப்பக்கமாகவே போகிறது. இடது ஓர மேசைகளில் உட்கார்ந்தால் கண் எரியும். மழை பெய்தால் தகரக் கூரையின் சத்தத்தில் வர்ணனை கேட்காது. கடைசி ஐந்து சுற்றுகளில் எந்த ஆர்டரும் எடுக்க மாட்டார்கள். குழந்தைகளோடு வருபவர்களுக்கு இது சிரமம் என்பதால் மாற்றிக்கொண்டால் நல்லது. ஆனால் பந்தயம் முடிந்த சூட்டில் பையன்கள் கப்சாய் என்னும் சிறிய மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டு தோட்டச் சாலையில் பாய்வதை அண்ணன் அனுமதிப்பதில்லை. எல்லோருக்கும் ஒரு தே ஓ கொடுத்துக் கால்மணி நேரம் உட்காரவைத்து, தலைக்கவசத்தைப் பார்த்துத்தான் அனுப்புகிறார். அந்தத் தேநீருக்கு அவர் பணம் வாங்குவதில்லை.

8 மணிப் பந்தயத்துக்கு 7 மணிக்குள் வந்துவிடுங்கள். மீன் குழம்பு அதற்கு மேல் இருப்பதில்லை. வலப்பக்கம் மின்விசிறிக்குக் கீழுள்ள மேசைகளும் அதற்குள் நிறைந்துவிடும்.