கேதார்கந்தா ‘பிகினர் ஃப்ரெண்ட்லி’ என்று பணம் கேட்டால், கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் இப்போது வாட்ஸ்அப் குரூப்பில் இமயமலை ட்ரெக்குக்கு ஆள் பிடிக்கிறார்கள். போன சீசனில் அப்படி ஒரு ஆளிடம் பணம் கட்டி, உத்தரகாண்டில் இருக்கிற கேதார்கந்தா சிகரத்துக்குப் போனவர்கள் நாங்கள்: நான், என் மைத்துனர், எதிர்வீட்டு அண்ணாச்சி, அவர் மகன். நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. புகார் நிலுவையில் இருக்கிறது, அது முடியட்டும். அதே வார்த்தைகளை வேறு யாரும் சொல்லி விற்கலாம் என்பதால் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

போனில் அந்த ஆள் சொன்னது: “பயப்படாதீங்க அண்ணா, மருந்துவாழ்மலை ஏறின ஆளுதானே நீங்க? இதும் அது மாதிரியாக்கும். ரெண்டு நாள் கூட, அவ்வளவுதான்.”

பாதையை மட்டும் பார்த்தால் அவர் சொன்னதில் பாதி சரி. கேதார்கந்தாவில் கயிறு பிடித்துத் தொங்குகிற இடம் கிடையாது. காட்டு வழி, அப்புறம் புல்வெளி, கடைசியில் ஒரு செங்குத்தான ஏற்றம். ஓரளவு நடந்து பழகியவர் ஏறிவிடலாம். மீதிப் பாதியை அவர் வாயே திறக்கவில்லை. நடை தொடங்குகிற சாங்க்ரி கிராமமே சுமார் 6,400 அடியில் இருக்கிறது. உச்சி 12,500 அடி. அங்கே ஒரு மூச்சில் கிடைக்கிற ஆக்சிஜன், கடற்கரையில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். கூடார இரவுகளில் மைனஸ் 10 டிகிரி வரை இறங்கும். மருந்துவாழ்மலை 2,000 அடிகூட இல்லை. உச்சியில் நின்றால் கடல்காற்று வியர்வையைக் காய வைக்கும். மார்கழிக் காலையில் 20 டிகிரிக்கே மஃப்ளர் கட்டுகிற ஊர்க்காரர்களிடம் இதைச் சொல்லாமல் விற்பது என்ன வியாபாரமோ.

படத்திலும் ஏமாற்று. போஸ்டர் முழுக்க முட்டளவு பனி. அது பிப்ரவரியில் எடுத்த படம் என்று சாங்க்ரி பையன் ஒருவன் பார்த்ததுமே சொல்லிவிட்டான். டிசம்பரில் கீழ்ப்பகுதியில் பனியே இல்லாமலும் போகலாம், மிதிபட்டு கண்ணாடி மாதிரி இறுகியும் கிடக்கலாம். வழுக்குவது இரண்டாவதில்தான். அதுவும் வருஷக் கடைசி வாரத்தில் இந்தியா முழுக்க இருந்து ஆட்கள் குவிகிறார்கள். உச்சிக்குக் கீழே ஏற்றத்தில் வரிசையில் நின்றோம், அந்தக் குளிரில்.

பயணம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. திருக்குறள் எக்ஸ்பிரஸில் டெல்லி, அங்கிருந்து டேராடூன். டேராடூனிலிருந்து சாங்க்ரி சுமார் 200 கிலோமீட்டர், ஆனால் மலை வளைவுகளில் பகல் முழுக்கப் போகும். வழியில் வருகிற புரோலாவிலேயே பணம் எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேலே ஏ.டி.எம்.மை நம்பிப் போகக்கூடாது.

டேராடூனில்தான் முதல் அடி. ‘தமிழ் பேசுகிற லீடர் கூடவே வருவார்’ என்று எழுத்திலேயே தந்திருந்தார்கள். அந்த லீடர் எங்களை வேனில் ஏற்றிவிட்டு, ஆபீஸ் வேலை என்று நின்றுகொண்டார். சாங்க்ரியில் இறங்கினால், நாகர்கோவில்காரர் எங்களை டேராடூன் ஏஜெண்டுக்கு விற்றிருக்கிறார், அவர் உள்ளூர் குழுவுக்குத் தள்ளியிருக்கிறார். ‘15 பேருக்கு மேல் இல்லை’ என்ற குழுவில் நாற்பது பேருக்கு மேல் இருந்தார்கள், வழிகாட்டிகள் இரண்டே பேர். எதைக் கேட்டாலும் அவர்கள் பாவம் கையை விரித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்தக் குளிரிலும் சுடச்சுடச் சோறும் ராஜ்மாவும் போட்டவர்கள் அவர்கள்தான்.

‘எல்லாம் உட்பட’ என்ற பொருட்களின் லட்சணத்தைக் கேளுங்கள். ஷூவுக்கு அடியில் மாட்டுகிற மைக்ரோ ஸ்பைக்ஸ் துருப்பிடித்தவை. என்னுடையதில் ஒரு சங்கிலி அறுந்து, சணல் கயிறால் கட்டியிருந்தது. இறுகிய பனியில் ஐம்பது அடி நடப்பதற்குள் கயிறு நைந்து, ஸ்பைக்ஸ் பக்கவாட்டில் திரும்பிக்கொண்டது. ஸ்லீப்பிங் பேக்கில் கைவைத்தால் ஈரம். என் மைத்துனருடையதில் ஜிப் இடுப்போடு நின்றுவிட்டது. திறந்து கிடந்த பக்கத்தில் எங்கள் இரண்டு பேர் துவர்த்தையும் (துண்டையும்) திணித்துத்தான் படுத்தார்.

இரண்டாவது கூடாரத்தில், 11,000 அடிக்கு மேலே, மைத்துனருக்குத் தலைவலி வந்தது. சாப்பாடு இறங்கவில்லை, பிறகு வாந்தி. வழிகாட்டியிடம் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்க்கிற ஆக்சிமீட்டர் கேட்டோம். எடுத்தார், பேட்டரி இல்லை. “எல்லாருக்கும் வரும், பூண்டு கடிங்க, காலையில சரியாகும்” என்று இந்தியில் சொன்னார். எங்களுக்கு அது புரிந்ததே அண்ணாச்சி பட்டாளத்தில் இருந்தவர் என்பதால்தான். அவர்தான், “இது வயித்துக் கோளாறு இல்ல மக்கா, உசரத்துக் கோளாறு. மேல போகப்படாது, கீழ இறங்கணும்” என்று பிடிவாதமாக நின்றார். கீழே கூட்டிப் போக ஒரு போர்ட்டருக்கு 3,000 ரூபாய் தனியாகக் கொடுத்தோம். கீழே இருக்கிற ஜூடா கா தாலாப் ஏரி வரை இறங்கியதுமே தலைவலி பாதியானது.

இந்த ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொண்டு போங்கள். உயரம் ஏறும்போது தலைவலி, குமட்டல், பசியின்மை சேர்ந்து வந்தால் அது குறைகிற வரை மேலே ஏறக்கூடாது. கூடினால் இறங்க வேண்டும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, பேச்சு குழறி நடை தள்ளாடினாலோ ராத்திரி என்றுகூடப் பார்க்காமல் இறக்க வேண்டும், உயிருக்கே ஆபத்து. உயரத்துக் கோளாறுக்கான டயமாக்ஸ் மாத்திரையைக் கடையில் வாங்கி நீங்களாகப் போடாதீர்கள். டாக்டரைக் கேளுங்கள், சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் முக்கியமாக.

பணம் கட்டுவதற்கு முன் எழுத்தில் வாங்க வேண்டியவை: மலையில் நடத்துவது யார், அவர்கள் பெயரில் பதிவு இருக்கிறதா, ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர், வழிகாட்டி உத்தரகாசியில் இருக்கிற நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனம் போன்ற இடத்தில் படித்தவரா, ஆக்சிஜன் சிலிண்டர் கூட வருமா, நடுவில் ஒருவர் இறங்க வேண்டி வந்தால் யார் செலவு. வாயால் ‘அதெல்லாம் உண்டு அண்ணா’ என்றால் போனை வைத்துவிடுங்கள். இன்சூரன்ஸ் இருக்கிறது என்றால் பாலிசியைப் பாருங்கள், சாதாரணப் பயணக் காப்பீடு பலவற்றில் உயரமான மலையேற்றம் சேராது.

துணி விஷயத்தில் ஜீன்ஸும் பருத்திப் பனியனும் வேண்டாம், நனைந்தால் காயவே காயாது. தெர்மல், அதன்மேல் ஃப்ளீஸ், அதன்மேல் ஜாக்கெட் என்று அடுக்காகப் போட வேண்டும். உச்சிக்கு விடியுமுன்னே கிளம்ப வேண்டியிருக்கும், ஹெட்லைட் அவசியம். தண்ணீர் பாட்டிலும் போனும் ராத்திரி ஸ்லீப்பிங் பேக்குக்குள்ளேயே இருக்கட்டும். வெளியே வைத்தால் ஒன்று உறையும், இன்னொன்று சார்ஜ் இறங்கும்.

ஊர் திரும்பிக் கேட்டபோது பதில், “போய்ட்டு வந்தாச்சுல்லா, பிறகு என்ன ரீஃபண்ட்?” முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்தோம். அங்கே தீராததால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனோம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், டேராடூனுக்கு அலைய வேண்டாம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். அவர்கள் ‘சேவை முழுமையாக வழங்கப்பட்டது’ என்று பதில் போட்டிருக்கிறார்கள். சணல் கட்டிய ஸ்பைக்ஸின் படமும், தமிழ் லீடர் பற்றிய வாட்ஸ்அப் செய்தியும், ஜிபே ரசீதும் எங்களிடம் இருக்கின்றன. நீங்களும் எதையும் அழித்துவிடாதீர்கள்.