கட்டாயச் சேவையா, சம்பளப் படையா?

இரண்டு வழிகளையும் நடந்து பார்த்த நாடு ஸ்வீடன். 2010இல் கட்டாய ராணுவச் சேவையை நிறுத்திவைத்து, விரும்பி வருபவர்களைக் கொண்டே படையை நடத்த முனைந்தது. வேண்டிய அளவுக்கு ஆள் சேரவில்லை. இடையில் 2014இல் ரஷ்யா கிரிமியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. 2017இல் ஸ்வீடன் பழைய முறைக்கே திரும்பியது, இம்முறை பெண்களையும் சேர்த்து. ஆனால் 18 வயதாகும் எல்லோரும் வினாத்தாளை நிரப்ப, அவர்களில் ஒரு சிறு பகுதியினரையே பயிற்சிக்கு எடுக்கிறார்கள். பெயர்தான் கட்டாயம்; நடைமுறையில் அது ஒரு நுழைவுத் தேர்வு.

பக்கத்து பின்லாந்து இந்த அலைச்சலே படவில்லை. ரஷ்யாவோடு 1,300 கிலோமீட்டருக்கு மேல் எல்லை. மக்கள்தொகையோ ஒரு கோடிகூட இல்லை. ஆண்களுக்கு 165, 255 அல்லது 347 நாள் சேவை. முடித்தவர் சேமப்படைக்குப் போகிறார். அவ்வப்போது மறுபயிற்சிக்கு அழைப்பு வரும். கணக்கு எழுதுபவர் சில நாட்கள் பீரங்கியருகே நின்றுவிட்டு மறுபடி மேசைக்குத் திரும்புவார். போர்க்காலத்தில் 2,80,000 பேரை நிறுத்தும் திட்டம் இப்படித்தான் சாத்தியமாகிறது. அத்தனை பேரையும் ஆண்டு முழுவதும் சம்பளம் கொடுத்து வைத்திருக்க எந்தச் சிறிய நாட்டுக்கும் கட்டுப்படியாகாது.

சம்பளப் படையின் பலம் வேறு இடத்தில். நீர்மூழ்கிக்குள் காதில் விழுவது திமிங்கிலமா, கப்பலின் சுழலியா என்று பிரித்தறியும் தேர்ச்சி ஓராண்டில் வாய்க்காது. ஆள் தேறும் நேரத்தில் வீட்டுக்கு அனுப்புவது வீண்செலவு. கடல் கடந்து போரிடும் நாடுகளுக்கும் இதுவே தோது. வியட்நாம் போருக்குக் கட்டாயமாக ஆள் எடுத்து உள்நாட்டுக் கொந்தளிப்பைச் சந்தித்த அமெரிக்கா 1973இல் அதை நிறுத்தியது. இதிலும் ஒரு கோளாறு உண்டு: தன் வீட்டுப் பிள்ளை போகாத போரைப் பற்றி வாக்காளர் அதிகம் கேட்பதில்லை.

கட்டாயம் என்றால் ஆள் பஞ்சமே வராது என்பதும் சரியல்ல. தென் கொரியாவில் தரைப்படைச் சேவை 18 மாதம். 2023இல் அங்கே ஒரு பெண்ணுக்குப் பிறப்பு விகிதம் 0.72. பிறக்காத பிள்ளைக்கு யார் அழைப்பாணை அனுப்புவது?

பெரிய அண்டை நாட்டோடு தரையெல்லை உள்ளவர்களுக்குப் பின்லாந்தின் வழியே என் தேர்வு. மற்றவர்களுக்குச் சம்பளப் படை போதும். ஒன்றை மட்டும் யோசித்துச் செய்ய வேண்டும்: கட்டாயச் சேவையை ஒரே தீர்மானத்தில் நிறுத்திவிடலாம், திரும்பத் தொடங்க அப்படி முடியாது. அதற்குள் பயிற்சியாளர்கள் ஓய்வு பெற்றிருப்பார்கள், படைக்குடியிருப்புகள் கைமாறியிருக்கும்.