பழைய எஸ்-10 டிரக்குக்கு டர்போ: எந்த கம்ப்யூட்டர், எந்த மீட்டர்?

1991-இல் ஜிஎம்சி சைக்லோன் என்று ஒரு குட்டி பிக்அப் வந்தது. ஷெவர்லே எஸ்-10 டிரக்கின் உடம்புதான். உள்ளே 4.3 லிட்டர் வி6, கூடவே மிட்சுபிஷி டர்போ, 280 குதிரைத்திறன். கால் மைல் ஓட்டத்தில் ஃபெராரி 348-ஐ முந்திய டிரக் என்று அமெரிக்காவில் பேர் வாங்கியது. ஏற்றக்கூடிய சுமையோ வெறும் 500 பவுண்டு. நாலு மூட்டை சிமென்ட்டோடு சரி. அந்த வருஷம் செய்ததே 2,995 வண்டிதான்.

எனக்கு அந்த வண்டியில் பிடித்தது வேகம் இல்லை. டர்போ ஓட்டத் தெரிந்த கம்ப்யூட்டரும் பூஸ்ட், அதாவது டர்போ தள்ளும் கூடுதல் காற்றழுத்தம், காட்டும் முள் உள்ள மீட்டர் போர்டும் வேண்டும் என்று வந்தபோது, யாரும் புதிதாக வரைந்துகொண்டு உட்காரவில்லை. பான்டியாக் சன்பேர்ட் டர்போ என்ற சின்னக் காரில் இரண்டுமே இருந்தன. அதையே எடுத்து டிரக்கில் மாட்டினார்கள். காயலான் கடையில் பொறுக்கி வண்டி கட்டுகிறவர் செய்யும் வேலையை ஒரு பெரிய கம்பெனியே செய்திருக்கிறது. அமெரிக்காவில் 1988 முதல் 1993 வரை வந்த 4.3 எஸ்-10 வைத்திருக்கும் பலருக்கு 'வீட்டிலேயே ஒரு சைக்லோன்' என்ற ஆசை வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்த ஆசைக்கு எதிரே மூன்று வழிகள் இருக்கின்றன. முதல் வழி, சைக்லோன் செய்ததையே செய்து 1227749 என்ற எண்ணுள்ள பழைய ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) இசிஎம்மை, அதாவது எஞ்சின் கம்ப்யூட்டரைப் போடுவது. இரண்டாவது மெகாஸ்க்வர்ட் என்ற, நாமே கட்டி டியூன் செய்யும் கம்ப்யூட்டர். மூன்றாவது, பிற்கால ஜிஎம் டிரக்குகளில் வந்த, எல்லோரும் '0411' என்றே அழைக்கும் கம்ப்யூட்டர். மூன்றுக்கும் ஆதரவாளர்கள் உண்டு, சண்டையும் உண்டு. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பொறுக்கி எடுக்கிற சாமானில் ஜோடி உடையாமல் வருவதுதான் லாபம். கம்ப்யூட்டர் என்றால் அதன் வயரிங்கும் சென்சாரும் சேர்ந்து வர வேண்டும். மீட்டர் என்றால் அதற்குச் சேதி அனுப்பும் யூனிட்டும் வர வேண்டும்.

வண்டியில் ஏற்கெனவே இருக்கும் கம்ப்யூட்டர் ஏன் போதாது? இன்டேக்கில் காற்றழுத்தத்தைப் பார்க்கும் அதன் மேப் சென்சார் 1 பார் (100 கிலோபாஸ்கல்) வரைதான் அளக்கும். கடல் மட்டத்தில் காற்றழுத்தமே கிட்டத்தட்ட 101 கிலோபாஸ்கல். அதற்கு மேல் டர்போ தள்ளுகிற ஒவ்வொரு பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு) அழுத்தமும் அந்தச் சென்சாருக்குத் தெரியவே தெரியாது. காற்று கூடும், பெட்ரோல் கூடாது, பிஸ்டன் உருகும். பூஸ்ட் ஏறும்போது பெட்ரோல் பிரஷரை உயர்த்தும் ரெகுலேட்டரை மாட்டிச் சமாளிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். இக்னிஷன் டைமிங்கை அது பின்னுக்கு இழுக்காது என்பதால் அதை நான் ஒரு வழியாகவே எண்ணவில்லை.

1227749

இதைக் காயலான் கடையில் தேடுவது ஒரு தனி சுகம். 80-களின் கடைசியில் வந்த சன்பேர்ட் டர்போ யார் கண்ணிலும் படாத கார். வரிசையில் கடைசியில் கிடக்கும். டேஷ்போர்டுக்கு அடியில் கைவிட்டால் அலுமினியப் பெட்டி தட்டுப்படும். ஸ்டிக்கரில் எண்ணைப் பாருங்கள், ஏனென்றால் வெளியில் பார்க்க அந்தக் காலத்து ஜிஎம் பெட்டிகள் எல்லாம் ஒரே ஜாடை. பெட்டியை மட்டும் உருவிக்கொண்டு வரக் கூடாது. கனெக்டர்களை ஓரடி வயரோடு வெட்டுங்கள், 2 பார் மேப் சென்சாரையும் அதன் கனெக்டரோடு கழற்றுங்கள். பூஸ்டைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட் சோலனாய்டு இருந்தால் அதுவும் பைக்குள் போகட்டும்.

இதன் பெரிய பலம், டர்போ வி6 ஓட்டுவதற்கான புரோகிராம் ஏற்கெனவே எழுதப்பட்டு, அதே 4.3 எஞ்சினில் ஓடிக் காட்டப்பட்டது. குளிர்காலக் காலையில் ஸ்டார்ட் ஆவது, ஏசி போட்டால் ஐடில் இறங்காமல் நிற்பது, பூஸ்டுக்கு ஏற்ப டைமிங் குறைவது எல்லாம் சிப்புக்குள் இருக்கிறது. இந்த எஸ்-10-களில் வந்த டிபிஐ (த்ராட்டில் பாடியிலேயே பெட்ரோல் பீய்ச்சும்) எஞ்சினின் டிஸ்ட்ரிபியூட்டரும் இதற்குப் புரிகிற அதே சிக்னலைத்தான் தருகிறது. சன்பேர்ட் பெட்டியில் வரும் மெம்கால், அதாவது சிப் உள்ள செருகுத் துண்டு, நாலு சிலிண்டருக்கானது என்பதை மறக்காதீர்கள். சிப்போடு, கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் வண்டியை வீடு வரை தள்ளிக்கொண்டு போகும் அவசர ஏற்பாடும் அந்த மெம்காலில்தான் இருக்கிறது, அது சிலிண்டர் எண்ணிக்கைக்குத் தக்கது. வி6 மெம்கால் வேண்டும்.

கோளாறு பார்க்க லேப்டாப்பே வேண்டாம் என்பது எனக்கு இதில் பிடித்த இன்னொன்று. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 12 முனை கனெக்டரில் ஏ, பி இரண்டையும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்து சாவியைப் போட்டால், செக் எஞ்சின் விளக்கு கோளாறு எண்ணை ('கோடு') மினுக்கிக் காட்டும். முதலில் ஒரு மினுக்கு, இடைவெளி, இரண்டு மினுக்கு: கோடு 12. எஞ்சின் நிற்கிறது, கம்ப்யூட்டர் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். நடுரோட்டில் இதற்கு மதிப்பு அதிகம்.

பலவீனங்களும் சின்னதல்ல. புரோகிராமை மாற்ற சிப்பை எழுத வேண்டும். பழைய சிப் என்றால் புற ஊதா விளக்கில் காட்டி அழித்துவிட்டு எழுதணும். மின்சாரத்தாலேயே அழியும் சிப் போட்டால் கொஞ்சம் நிம்மதி. டியூனர்ப்ரோ மென்பொருளில் அட்டவணைகளைத் திருத்தலாம், ஆனால் மாற்று, எழுது, செருகு, ஓட்டு, மறுபடி கழற்று என்று பொறுமையைச் சோதிக்கும். 2 பார் சென்சார் 14, 15 பிஎஸ்ஐ பூஸ்டிலேயே நிரம்பிவிடும். அதற்கு மேல் போக ஆர்வலர்கள் திருத்தி எழுதிய 3 பார் புரோகிராமுக்கு மாற வேண்டும். இன்னொன்று, 1993-இல் டிரக்குகளுக்கு வந்த 4எல்60-இ ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை ஓட்ட இதற்குத் தெரியாது. மேனுவல் கியர், இல்லையென்றால் அதற்கு முந்திய 700ஆர்4 ஆட்டோமேட்டிக்தான் சரிப்படும்.

செலவு உண்மையில் பெட்டியில் இல்லை, இன்டேக்கில் இருக்கிறது. டிபிஐ எஞ்சினில் த்ராட்டில் பாடியில் இரண்டு இன்ஜெக்டர்தான். இந்த வழிக்கு சிலிண்டருக்கு ஒன்றாக ஆறு வேண்டும். சைக்லோனின் மேனிஃபோல்டு கிடைப்பது குதிரைக் கொம்பு. அலுமினிய கார்புரேட்டர் மேனிஃபோல்டில் இன்ஜெக்டர் குழிகளை வெல்டிங் செய்வதே நடைமுறை. இன்ஜெக்டர் அளவுக்குக் கணக்கு எளிது: 280 குதிரைத்திறன், ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு 0.6 பவுண்டு பெட்ரோல், மொத்தம் 168 பவுண்டு. ஆறால் வகுத்தால் 28. இன்ஜெக்டரை 80 சதவீதத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்பதால் மணிக்கு 35 பவுண்டு இன்ஜெக்டர். அதற்குக் கீழே உள்ளதைக் கையில் எடுக்காதீர்கள்.

மெகாஸ்க்வர்ட்

ப்ரூஸ் பவுலிங், அல் கிரிப்போ இருவரும் 2001-இல் வெளியிட்டது. சால்டரிங் தெரிந்தவர் கிட் வாங்கித் தானே கட்டிக்கொள்ளலாம். போர்டிலேயே 250 கிலோபாஸ்கல் சென்சார் இருப்பதால் 21 பிஎஸ்ஐ வரை அதற்குக் கண் தெரியும். லேப்டாப்பைச் செருகி, எஞ்சின் ஓடும்போதே அட்டவணையில் எண்ணை மாற்றலாம். சிப் எழுதிக் களைத்தவருக்கு இது சொர்க்கம்.

ஆனால் அட்டவணை காலியாக வரும். பூஸ்ட் பகுதியை டியூன் செய்வது எல்லோரும் ஆசையாகச் செய்கிற வேலை. ஒரு சனிக்கிழமையில் ஓரளவு வந்துவிடும். குளிர் ஸ்டார்ட் அப்படி இல்லை. எஞ்சின் முழுசாக ஆறினால்தான் அடுத்த முயற்சி, ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு தடவைதான் சோதிக்க முடியும், ஜனவரி மாதத்துக்கான எண்ணை ஜூலையில் கண்டுபிடிக்கவும் முடியாது. தினமும் வேலைக்குப் போகிற டிரக்குக்கு இது உறுத்தும். வார இறுதியில் மட்டும் வெளியே வருகிற வண்டி என்றால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். டாட்ஜ் ராமின் கம்மின்ஸ் டீசலில் இருந்து ஹோல்செட் எச்எக்ஸ்35 டர்போவைக் கழற்றி வந்து 20 பிஎஸ்ஐ பார்க்கப் போகிறவருக்கு மெகாஸ்க்வர்ட்தான் சரி. அங்கே ஃபேக்டரி புரோகிராம் எதுவும் துணைக்கு வராது.

0411

1999-க்குப் பிந்திய ஜிஎம் டிரக்குகளில் கொட்டிக் கிடக்கிறது. 512 கிலோபைட் ஃபிளாஷ் நினைவகம், சிப்பைத் தொடாமல் ஓபிடி-2 என்ற சோதனைக் கனெக்டர் வழியாகவே எழுதலாம். பிசிஎம் ஹேமர் என்ற இலவச மென்பொருள் படிக்கவும் எழுதவும் போதும். 4எல்60-இ கியர்பாக்ஸை இதுவே ஓட்டும். காற்றை ஏர்ஃப்ளோ மீட்டரால் நேரடியாக அளப்பதால் கொஞ்சம் பூஸ்ட் கொடுத்தாலும் திணறாது. அதிக பூஸ்டுக்கு 2, 3 பார் சென்சாரை ஏற்கும் மாற்று புரோகிராமைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். சாவித் திருட்டுத் தடுப்பையும் அணைக்கணும், இல்லையென்றால் எஞ்சின் எழும்பாது.

இடிக்கிற இடம் எஞ்சின். இந்த கம்ப்யூட்டர், எஞ்சின் சுழற்சியைப் படிக்கும் கிராங்க் சென்சார் கேட்கும். டிபிஐ எஞ்சினில் அது கிடையாது. 1996-க்குப் பிந்திய 4.3-இல் இருக்கிறது, அதனால் அந்த எஞ்சினையே எடுப்பது உத்தமம். பழைய எஞ்சினில் டைமிங் கவரை மாற்றி, அந்தச் சென்சார் படிக்கும் ரிலக்டர் சக்கரம் போட்டு இதைப் பொருத்துகிறவர்களின் பிடிவாதத்தை மெச்சலாம். எனக்கு அது வேண்டாத வேலை. இவ்வளவு தூரம் வந்தவரிடம் பக்கத்தில் நிற்பவர், 'அப்போ 5.3 வி8-ஐயே இறக்கிடலாமே' என்பார். அவர் சொல்வதில் தப்பும் இல்லை, ஆனால் அது வேறு டிரக்.

டிபிஐ காலத்து எஞ்சினும் மேனுவல் அல்லது 700ஆர்4 கியரும் இருந்தால் நான் 1227749-க்குத்தான் ஓட்டு போடுவேன். 1996-க்குப் பிந்திய எஞ்சினோடு 4எல்60-இ இருந்தால் 0411. கலிஃபோர்னியாக்காரர்கள் மட்டும் தனியாக யோசிக்க வேண்டும். அங்கே 1975 வரையிலான பெட்ரோல் வண்டிகளுக்குத்தான் புகைச் சோதனை விலக்கு, எஸ்-10 பிறந்ததே 1982 மாடலாக.

மீட்டர்கள்

இங்கேதான் பலர் அழகைப் பார்த்து ஏமாறுகிறார்கள். மீட்டர் என்பது பாதிச் சாமான். மறு பாதி டேங்கிலோ எஞ்சினிலோ இருக்கிறது.

பெட்ரோல் முள்ளை எடுத்துக்கொள்ளுங்கள். ஜிஎம் டேங்க் யூனிட் காலியில் 0 ஓம், நிரம்பினால் 90 ஓம். 80-களின் நடுப்பகுதி வரையிலான ஃபோர்டில் காலிக்கு 73, நிரம்பினால் 10. திசையே தலைகீழ். பழைய ஃபோர்டு மீட்டரை எஸ்-10 டேங்கோடு இணைத்தால், பெட்ரோல் தீரத் தீர முள் 'ஃபுல்' பக்கம் ஏறும். ஆயில் பிரஷரிலும் இதே கதை: விடிஓ கம்பெனி மீட்டர்கள் 10 முதல் 180 ஓம் கேட்கும், ஜிஎம் யூனிட் 90-க்கு மேல் தராது. ஆகவே மீட்டரைக் கழற்றும்போதே யூனிட்டையும் கழற்றுங்கள். கூலன்ட் முள்ளுக்காக இசிஎம்முக்குப் போகும் இரண்டு வயர் சென்சாரில் கொக்கி போடாதீர்கள். அளவு பிசகி, கம்ப்யூட்டர் எஞ்சின் சூட்டைத் தப்பாகப் படிக்கும்.

சன்பேர்ட் போர்டு ஜிஎம் என்பதால் பெட்ரோல் முள் சரியாக வரும். ஆர்பிஎம் முள் பொய் சொல்லும். நாலு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு தரும், வி6 மூன்று தரும். 2,000-இல் ஓடும் எஞ்சினை அந்த முள் 3,000 என்று காட்டும். ஒன்று அதை அளவு திருத்த வேண்டும், அல்லது எஸ்-10-இன் சொந்த ஆர்பிஎம் மீட்டரை வைத்துக்கொள்ள வேண்டும்.

பூஸ்டுக்கு நான் புது மெக்கானிக்கல் மீட்டர்தான் சொல்வேன். மேனிஃபோல்டில் இருந்து ஒரு மெல்லிய குழாய், உள்ளே வளைந்த பித்தளைக் குழல், மின்சாரமே இல்லை. டீசல் லாரியில் கழற்றிய பூஸ்ட் மீட்டர் மலிவாகக் கிடைக்கும். ஆனால் அதில் வெற்றிடப் பக்கம் இருக்காது, 60 பிஎஸ்ஐ வரை நீளும் அளவுகோலில் உங்கள் 8 பிஎஸ்ஐ ஒரு ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

அதே லாரிகளில் இருந்து எடுக்கத் தகுந்தது பைரோமீட்டர், அதாவது புகை சூடு காட்டும் மீட்டர். சூட்டைப் படிப்பது பெரும்பாலும் கே வகை தெர்மோகப்பிள், சூட்டை மின்னழுத்தமாக்கும் கம்பி ஜோடி. பழைய மாடல்களில் பெருக்கிச் சுற்று கிடையாது. தெர்மோகப்பிள் தரும் சில மில்லிவோல்ட் நேராக முள்ளை அசைக்கிறது, அதனால் அந்த வயரின் நீளத்துக்கே அளவு திருத்தி வைத்திருப்பார்கள். வயர் நீளமாக இருக்கிறது என்று வெட்டினால் அளவு போச்சு, சுருட்டிக் கட்டிவிடுங்கள். அமெரிக்க வழக்கில் கே வகைக்கு மஞ்சள் பிளஸ், சிவப்பு மைனஸ். வண்டி வயரிங் பழக்கத்தில் சிவப்பைப் பிளஸ் என்று மாட்டினால், எஞ்சின் சூடாகச் சூடாக முள் கீழே போகும்.

காயலான் கடையில் வாங்கவே கூடாதது, புகையைப் பார்த்துக் காற்று-பெட்ரோல் விகிதம் சொல்லும் வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார். வோக்ஸ்வாகன் கார்களில் பாஷ் எல்எஸ்யூ வகை கண்ணில் படும், கை பரபரக்கும். எத்தனை மைல் ஓடிய புகையைத் தின்றது என்று பார்த்துச் சொல்ல முடியாது. எந்த எண்ணைப் பார்த்து டியூன் செய்யப் போகிறீர்களோ அதிலேயே சந்தேகம் இருந்தால் மற்ற சிக்கனமெல்லாம் வீண். புதிது வாங்கினாலும் கனெக்டரை வெட்டி வயரை நீட்டாதீர்கள். ஒவ்வொரு சென்சாருக்கும் ஃபேக்டரியிலேயே லேசரால் திருத்திய ஒரு குட்டி ரெசிஸ்டர் அந்தக் கனெக்டருக்குள் இருக்கிறது. நீளம் போதவில்லை என்றால் கன்ட்ரோலர் பக்கத்துக்கான எக்ஸ்டென்ஷன் வயர் தனியாகவே விற்கிறது.