ஒரு பிளக் பாயிண்ட், மூன்று நாட்டு விதிகள்

சமையலறையில் ஏற்கெனவே இருக்கும் சர்க்யூட்டிலிருந்து ஒயர் இழுத்துப் புதிதாக ஒரு பிளக் பாயிண்ட் போட வேண்டும். சின்ன வேலைதான். அதை யார் செய்யலாம், யார் சான்று தர வேண்டும் என்பதில் இந்தியாவும் இங்கிலாந்தும் நியூசிலாந்தும் மூன்று வழியில் போகின்றன.

இந்தியா ஆளைப் பார்க்கிறது. மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகளின்படி பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் ஆகியவற்றைத் திறனும் தன்மையும் மாறாமல் மாற்றிக்கொள்ளலாம். அதைத் தாண்டினால் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் வேண்டும், தகுதிச் சான்றிதழ் உள்ளவரின் மேற்பார்வையும் வேண்டும். எழுத்தளவில் மூன்றிலும் கண்டிப்பானது இதுதான். ஆனால் ஒரு பாயிண்ட் போட வருகிறவரிடம் உரிமத்தைக் காட்டச் சொல்லும் வீட்டுக்காரர் எத்தனை பேர்?

இங்கிலாந்து வேலையைப் பார்க்கிறது. வீட்டு மின்வேலைக்காக 2005இல் வந்த 'பார்ட் பி' (Part P) விதி 2013இல் தளர்ந்தது. புதிய சர்க்யூட், மெயின் பெட்டி மாற்றம், குளியல் தொட்டியையோ ஷவரையோ ஒட்டிய வேலை போன்றவற்றுக்கு மட்டுமே இப்போது கட்டட விதி அதிகாரிகளுக்கு முன்னறிவிப்பு தேவை. பதிவுபெற்ற எலக்ட்ரீஷியன் என்றால் தானே சான்றளிக்கலாம். நம் சமையலறை பாயிண்ட் இந்தப் பட்டியலில் இல்லை. (பக்கத்து வேல்ஸில் இன்னும் உண்டு!)

எனக்குப் பிடித்தது அங்குள்ள சிறுபணிச் சான்றிதழ். பிஎஸ் 7671 என்ற பிரிட்டிஷ் மின்வேலைத் தரநிலை கேட்கும் ஒரு படிவம். அதில் அளந்த எண்களை எழுதியாக வேண்டும். எர்த் தொடர்ச்சி எத்தனை ஓம்? 500 வோல்ட் டிசியில் சோதித்தால் இன்சுலேஷன் குறைந்தது ஒரு மெகாஓம் காட்டுகிறதா? மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிடி 300 மில்லிவினாடிக்குள் விழுகிறதா? டெஸ்டரில் விளக்கு எரிந்ததும் 'சரியாகிவிட்டது' என்று கிளம்புகிறவரால் இந்தக் கட்டங்களை நிரப்ப முடியாது.

நியூசிலாந்து வீட்டுக்காரரை நம்புகிறது. தான் குடியிருக்கும் சொந்த வீட்டில், மெயின் பெட்டியில் கைவைக்காமல், ஒயர் இழுத்துப் பாயிண்ட் போடலாம். மின்சாரம் கொடுக்கும்முன் உரிமம் பெற்ற ஆய்வாளர் சோதித்தாக வேண்டும்.

என் ஓட்டு இங்கிலாந்துக்கே. நம் விதியோடு அந்த ஒற்றைத் தாள் சேர்ந்தால் போதும். நியூசிலாந்து முறை கைத்திறன் உள்ளவருக்கு மலிவு, ஆனால் அதில் ஓர் ஓட்டை இருக்கிறது. ஆய்வாளர் வரும்முன் சுவரைப் பூசிவிட்டால், உள்ளே ஒயரை வெறுமனே முறுக்கி டேப் சுற்றியிருப்பதை இன்சுலேஷன் சோதிக்கும் மெக்கர் கருவி காட்டாது.