எழுமாற்று எண்களுக்கு வித்திடும் முறை: வெரிலாக், சிஸ்டம்வெரிலாக், விஎச்டிஎல்

வெரிலாக், சிஸ்டம்வெரிலாக், விஎச்டிஎல் மூன்றும் இலத்திரனியல் சுற்றுகளை விவரிக்கும் மொழிகள்; எழுமாற்று எண் வரிசையைத் தொடக்கிவைக்கும் எண்ணே வித்து. ஒலுவில் பொறியியல் பீடத்து ஆய்வுகூடத்தில் ஒரு சிமுலேட்டரிலும் (சுற்றைக் கணினியில் பாவனையாக இயக்கும் மென்பொருள்), கல்முனையிலோ மட்டக்களப்பிலோ உள்ள வீட்டு மடிக்கணினியில் ஐகாரஸ் வெரிலாக் என்ற இன்னொரு சிமுலேட்டரிலும் ஒரே டெஸ்ட்பெஞ்சை (சுற்றுக்கு எழுமாற்று உள்ளீடுகளைக் கொடுத்துச் சோதிக்கும் நிரலை) ஓட்டும் மாணவருக்கு, அங்கே அகப்பட்ட பிழை இங்கேயும் அதே இடத்தில் அகப்பட வேண்டும். இந்த ஒப்பீட்டுக்கு அந்தத் தேவையையே அளவுகோலாகக் கொள்கிறேன்.

எழுமாற்று எண் தரும் வெரிலாக்கின் $ரேண்டம், வித்தை ஒரு மாறியாகப் பெற்று, ஒவ்வோர் அழைப்பிலும் அதன் பெறுமதியை மாற்றிவிடுகிறது. அதன் கணிப்பு முறை வெரிலாக்குக்கான 2001ஆம் ஆண்டின் ஐஇஇஇ 1364 தரநிலையில் சி மொழி நிரலாகவே தரப்பட்டிருப்பதால், ஒரே வித்துக்கு எல்லாச் சிமுலேட்டர்களும் ஒரே வரிசையைத் தர வேண்டும். ஆனால் சிமுலேஷன் தொடங்கும்போது ஒருமுறை ஓடும் இரண்டு இனிஷியல் தொகுதிகள் ஒரே வித்து மாறியைப் பகிர்ந்தால், ஒரே கணத்தில் எது முந்தி ஓடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லாததால், எந்த எண் யாருக்குப் போகும் என்று சொல்ல முடியாது. தொகுதிக்கொரு வித்து மாறி வைப்பதே இதற்குப் பரிகாரம்.

சிஸ்டம்வெரிலாக்கில் ஒவ்வொரு திரெட்டுக்கும் (இணையாக ஓடும் நிரலோட்டம்) ஒவ்வொரு பொருளுக்கும் (ஒப்ஜெக்ட்) தனித்தனி எழுமாற்று எண்ணாக்கி உண்டு. ஆகவே ஒரு திரெட்டுக்குள் எழுமாற்று எண் கேட்கும் ஓர் $யுரேண்டம் அழைப்பைப் புதிதாகச் சேர்த்தாலும் ஏற்கெனவே தொடங்கிய மற்றவற்றின் எண்கள் குலைவதில்லை. பெரிய டெஸ்ட்பெஞ்சுக்கு இது பெரும் வரம். எனினும் $யுரேண்டம் வித்தை வாசிக்கிறதே தவிர மாற்றுவதில்லை. சுழலுக்குள் $யுரேண்டம்(7) என்று எழுதினால் ஒரே எண்ணே திரும்பத் திரும்ப வரும். தொடக்கத்தில் ஒருமுறை எஸ்ரேண்டம் மூலம் வித்திடுவதே முறை. கணிப்பு முறையைத் தரநிலை வரையறுக்காததால், சிமுலேட்டர் மாறினால் வரிசையும் மாறக்கூடும்.

விஎச்டிஎல்லின் மேத்_ரியல் என்ற கணிதத் தொகுப்பிலுள்ள யூனிஃபோர்ம் என்ற துணைநிரல் இரண்டு நேர் முழுவெண் வித்துகளைக் கேட்டு, 0.0க்கும் 1.0க்கும் இடைப்பட்ட எண்ணைத் தருகிறது. வித்து மாறிகளை நாம் எழுதும் துணைநிரலுக்குள் அறிவித்தால் ஒவ்வோர் அழைப்பிலும் அவை தொடக்கப் பெறுமதிக்கே திரும்பிவிடும் என்பதால், அவற்றை அத்துணைநிரலை அழைக்கும் புரோசஸிலேயே (தொடர்ந்து ஓடும் நிரற்பகுதி) அறிவிக்க வேண்டும்.

இரண்டு சிமுலேட்டர்களுக்கு இடையே பிழை தேடும் சிறிய வெரிலாக் வேலைக்கு, பழையதாயினும் $ரேண்டமையே நான் தெரிவுசெய்வேன். எதைத் தெரிவுசெய்தாலும், வித்தைக் கட்டளை வரியிலிருந்து பெற்று, ஒவ்வோர் ஓட்டத்தின் பதிவுக் கோப்பிலும் முதல் வரியாக அச்சிடுங்கள்.