பந்தலா, கம்பி வரிசையா: இத்தாலியத் திராட்சைக் கொடிக்கு எது பொருந்தும்?

வெரோனாவிலிருந்து வடக்கே அடிஜே ஆற்றை ஒட்டிப் போகும் ரயில் பாதையின் இரு பக்கமும் திராட்சைப் பந்தல்கள். ட்ரென்டோவைத் தாண்டி போல்சானோ வரைக்கும் அவை கூடவே வரும். அதே வட இத்தாலியில் மேற்கே பியெமோன்தே மாநிலத்தின் லாங்கே குன்றுகளுக்குப் போனால் பந்தலைக் காண்பதே அரிது. சரிவுக்குச் சரிவு ஆளுயரக் கம்பி வரிசைகள்தாம். இரண்டு பக்கத்திலும் நல்ல ஒயின் வருகிறது. ஆனால் ஒயின் உலகம் பல பத்தாண்டுகளாக இவற்றைச் சமமாக நடத்தவில்லை. கம்பி வரிசை என்றால் தரம், பந்தல் என்றால் மலிவுச் சரக்கு என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள். அந்தத் தீர்ப்பில் பாதிதான் சரி என்பது என் கருத்து. மீதிப் பாதியை நம்பி எத்தனையோ நல்ல பழைய பந்தல்களைப் பிடுங்கிப் போட்டிருக்கிறார்கள்.

கம்பி வரிசை முறைக்கு அங்கே 'கியோ' என்று பெயர். 19ஆம் நூற்றாண்டில் அதைப் பரப்பிய ஜூல் கியோ ஒரு பிரெஞ்சு மருத்துவர். குளிர்காலத்தில் கொடி இலையுதிர்த்து உறங்கும்போது கவாத்து நடக்கும். சென்ற ஆண்டு காய்த்த நீண்ட கிளையை அடியோடு வெட்டிவிட்டு, புதிதாக வளர்ந்தவற்றில் திடமான ஒன்றை மட்டும் எட்டுப் பத்து மொட்டுகளோடு வைத்துக்கொள்வார்கள். பக்கத்தில் இரண்டு மொட்டுள்ள குட்டைக் கிளை ஒன்றை அடுத்த ஆண்டுக்காக விடுவார்கள். பிறகு அந்த நீண்ட கிளையை வளைத்து அடிக்கம்பியில் கட்ட வேண்டும். வில்லோ மரத்தின் மெல்லிய குச்சியை முறுக்கிக் கட்டுவது லாங்கேயின் பழைய வழக்கம். வளைக்கும்போது உள்ளே நார் நொறுங்கும் சத்தம் லேசாகக் கேட்கும். சத்தம் கேட்கலாம், கிளை முறியக் கூடாது. அனுபவக் கைக்குத்தான் அந்த எல்லை தெரியும். வசந்தத்தில் தளிர்கள் நேராக மேலெழுந்து பச்சைச் சுவராக நிற்கும். குலைகள் சுவரின் அடியில் இருக்கும்.

பந்தலுக்குப் பொதுப்பெயர் 'பெர்கோலா'. ட்ரென்டோவைச் சுற்றியுள்ள ட்ரென்டினோவில் கூரை மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும். சில தோட்டங்களில் ஒரு பக்கம் மட்டும், சிலவற்றில் இரு பக்கமும் விரியும். வெரோனாவைச் சுற்றி அது ஏறக்குறையத் தட்டையாகிவிடும். தெற்கே அப்ருட்ஸோவின் 'தெந்தோனே' நிலம் முழுவதையும் மூடும் தட்டைக் கூரை. தேனி மாவட்டத்தில் கல்கால் நட்டுக் கம்பி பின்னிய பன்னீர்த் திராட்சைப் பந்தலைப் பார்த்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. எல்லாவற்றிலும் அடிப்படை ஒன்றுதான்: இலை மேலே வெயிலை வாங்கும், குலை கீழே நிழலில் தொங்கும்.

முதலில் வெயில் கணக்கைப் பார்ப்போம். கம்பம் பள்ளத்தாக்கு நிலநடுக்கோட்டிலிருந்து 10 டிகிரிக்குள் இருக்கிறது. அங்கே நண்பகல் சூரியன் ஆண்டின் பெரும்பகுதி ஏறக்குறையத் தலைக்கு மேலேயே நிற்பதால் தட்டைக் கூரை இயல்பாகப் பொருந்துகிறது. லாங்கேயோ ஏறக்குறைய 45 டிகிரி வடக்கில் இருக்கிறது. திராட்சை பழுக்கும் செப்டம்பர் இறுதியில் நண்பகலிலும் சூரியன் 45 டிகிரி உயரத்துக்கு மேல் ஏறாது. சாய்ந்து வரும் அந்த வெயிலைப் பிடிக்கச் செங்குத்துச் சுவர்தான் தோது. அதிலும் தெற்கு பார்த்த சரிவில் வரிசைகள் சரிவுக்குக் குறுக்கே ஓடினால், திரையரங்கு இருக்கைகளைப் போல எந்த வரிசையும் பின்வரிசையை மறைக்காது. பரோலோ ஒயினுக்கான நெப்பியோலோ ரகம் அக்டோபர் வரை மெதுவாகப் பழுப்பது. குளிர் மிகுந்த பழைய ஆண்டுகளில் அதற்குக் கிடைத்த ஒவ்வொரு துளி வெயிலும் முக்கியம். லாங்கேயில் கியோ நிலைத்ததற்கு இந்தக் காரணமே போதும்.

அப்படியானால் இன்னும் வடக்கே இருக்கும் அடிஜே பள்ளத்தாக்கில் பந்தல் ஏன்? கூரை சாய்ந்திருப்பதே சாய்ந்த வெயிலுக்கான பதில். போதாததற்கு, மலைகள் சூழ்ந்த அந்தப் பள்ளத்தாக்குத் தரை கோடையில் கொதிக்கும். அட்சரேகையை மட்டும் வைத்து முடிவெடுத்தால் தப்பாகும்.

இதைவிட ஆழமான காரணம் கொடியின் மொட்டிலேயே இருக்கிறது. சில ரகங்களில் கிளையின் அடியிலுள்ள முதல் இரண்டு மூன்று மொட்டுகளில் தளிர் வரும், பூங்கொத்து வருவது அரிது. நெப்பியோலோ அப்படிப்பட்டது. வெரோனாவை அடுத்த வல்போலிச்செல்லா பகுதியின் கொர்வீனாவும் அப்படித்தான். இந்த ரகங்களைக் குட்டையாகக் கவாத்து செய்தால் இலை மட்டும்தான் மிஞ்சும். நீண்ட கிளை விட்டே ஆக வேண்டும். கியோவில் ஒரு நீண்ட கிளைக்கு இடமுண்டு. பந்தலிலோ நாலைந்து கிளைகளைத் தாராளமாகப் படர விடலாம். வீரியமாக வளரும் கொர்வீனாவை ஒற்றைக் கிளைக்குள் அடக்கினால், மிச்ச சக்தியெல்லாம் தேவையற்ற தளிராகப் பீறிட்டு அடர்ந்து போகும். வெரோனா விவசாயிகள் பந்தலை விடாமல் இருந்ததற்கு இதுவும் காரணம்; பழமைப் பிடிவாதம் என்று பலர் அதை ஒதுக்கியது எனக்கு வருத்தம்.

அமரோனே என்னும் ஒயினையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். அதற்குக் கொர்வீனாக் குலைகளைப் பறித்து, காற்றோட்டமான பரண்களில் மூன்று மாதத்துக்கும் மேலாக உலர்த்துகிறார்கள். தோலில் சிறு கீறல் இருந்தாலும் பூஞ்சை பிடித்து அந்தக் குலையே பாழ். பந்தலில் குலை எதிலும் உரசாமல் தனியே தொங்குகிறது, கோடை வெயிலில் தோல் கருகுவதுமில்லை. உலர்த்தும் திராட்சைக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாட்டை நான் அறியேன்.

ஒரே ரகத்தை இரண்டு முறையிலும் பார்க்க வேண்டுமானால் கரேமாவுக்குப் போகலாம். பியெமோன்தேயின் எல்லையில், அவோஸ்தா பள்ளத்தாக்கின் வாசலில் இருக்கும் சிற்றூர் அது. பாறைச் சரிவைப் படி படியாக வெட்டி, தடித்த கல்தூண்கள் எழுப்பி, மேலே மரச்சட்டப் பந்தல் போட்டு அங்கே வளர்ப்பதும் நெப்பியோலோதான். பகலெல்லாம் வெயில் குடித்த தூணும் தடுப்புச்சுவரும் இரவில் அந்தச் சூட்டை மெல்ல வெளியிட்டுக் கொடியைக் காக்கின்றன. வெப்ப நாட்டில் நிழலுக்காகப் போடும் பந்தலைக் குளிர்ந்த மலையில் வெதுவெதுப்புக்காகப் போட்டிருக்கிறார்கள்! கரேமா ஒயின் நிறம் மெலிந்து, புளிப்பு துலங்கி, வாசனையால் பேசும். பரோலோ உடல்கட்டும் துவர்ப்பும் மிக்கது. சந்தைக்கு வருவதற்கே 38 மாதம், அதில் 18 மாதம் மரப் பீப்பாயில், காத்திருக்க வேண்டும் என்பது விதி. இந்த வேறுபாடு முழுவதும் பந்தலால் வந்தது என்று சொல்ல மாட்டேன். உயரம், குளிர், பாறை மண் ஆகியவற்றின் பங்குதான் பெரிது. ஆனால் பந்தலில் வளர்ந்தால் நெப்பியோலோ தரமாக வராது என்ற வாதம் கரேமாவில் தோற்றுப்போகிறது.

பந்தலின் கெட்ட பெயர் எங்கிருந்து வந்தது? முக்கியமாக அப்ருட்ஸோ, புல்யா சமவெளிகளின் தெந்தோனே தோட்டங்களிலிருந்து. இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோ திராட்சை சரியாகப் பழுக்க ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர் இலை வெயில் வாங்க வேண்டும் என்பது பயிரியலில் பொதுவான அளவு. இரண்டரை மீட்டருக்கு ஒரு கொடி என்று நட்டால் ஹெக்டேருக்கு 1600 கொடி. ஒவ்வொன்றின் தலைக்கு மேலும் 6.25 சதுர மீட்டர் கூரை. ஹெக்டேருக்கு 8 டன் எடுத்தால் கொடிக்கு 5 கிலோ. இலை தாராளமாகப் போதும். அதே கொடிகளிடம் 15 டன் கேட்டால் ஒவ்வொன்றும் 9 கிலோவுக்கு மேல் சுமக்க வேண்டும். கூரை பெரிதாகாது, இலைமேல் இலை அடர்ந்து ஒன்றையொன்று மறைக்கும். பழம் சர்க்கரை ஏறாமல், நிறம் பிடிக்காமல் வெளுத்து நிற்கும். பரோலோவின் சட்ட வரம்பே ஹெக்டேருக்கு 8 டன்தான். ஆகவே எடைக்கு விற்ற காலத்தில் செய்த தவறு கவாத்துக் கத்தியுடையது, பந்தலின் தலையில் அதைக் கட்டியது நியாயமில்லை. அதே அப்ருட்ஸோவில் எமிதியோ பேபே, வலென்டினி ஆகிய குடும்பங்கள் பந்தலிலிருந்தே பல பத்தாண்டுகள் நிலைக்கும் ஒயினைத் தந்திருக்கின்றன.

இப்போது தட்பவெப்பம் மாறிவிட்டது. 2003, 2017, 2022 கோடைகள் இத்தாலியைச் சுட்டெடுத்தன. நேர்வெயில் படும் திராட்சை சுற்றுக் காற்றைவிட 10 டிகிரி வரை கூடுதலாகச் சூடேறும். 35 டிகிரிக்கு மேல் போனால் தோலில் நிறம் உருவாவது தடைப்படும். மாலிக் அமிலம் வேகமாக எரிந்து புளிப்பு குறையும். முன்பு குலைக்கு வெயில் படட்டும் என்று கியோ தோட்டங்களில் இலை கிள்ளியவர்கள் இப்போது அதே இலையைப் பொத்திப் பாதுகாக்கிறார்கள். பந்தலுக்கு இந்தப் பாடு இல்லை. ஜூலியோ ஃபெர்ராரி 1902இல் தொடங்கிவைத்த ட்ரென்டோ நுரை ஒயினுக்குப் புளிப்புதான் உயிர். அதற்கான ஷார்டனே என்னும் வெள்ளைத் திராட்சை பந்தல் நிழலில் அமிலத்தை இழக்காமல் பழுப்பது இந்தக் காலத்தில் பெரிய வரம். வெரோனாவை அடுத்த சொவாவே பகுதியின் பாரம்பரியத் தோட்டங்களை 2018இல் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு உலக வேளாண் மரபாக அங்கீகரித்தபோது, அங்கே நின்றவையும் பெரும்பாலும் பந்தல்கள்தாம். வசந்தத்தில் தரையோடு படியும் உறைபனியிலிருந்தும் உயரத்திலுள்ள மொட்டுகள் பெரும்பாலும் தப்பிவிடும்.

நோய்க்கட்டுப்பாட்டில் கியோ முந்திக்கொள்கிறது, சந்தேகமில்லை. சுவராக நிற்கும் இலைக்கு இரு பக்கமும் மருந்து சீராகப் படும், காற்று புகுந்து ஈரம் உலரும். அடர்ந்த கூரைக்குக் கீழிருந்து மேல்நோக்கித் தெளிப்பது சிரமம். 2023 மழையில் அடிச்சாம்பல் நோய் அப்ருட்ஸோவை எப்படிச் சூறையாடியது என்பதை அங்குள்ள விவசாயிகள் எளிதில் மறக்க மாட்டார்கள். வேலையாள் விஷயத்திலும் பந்தல் பின்தங்கியதுதான். நாள் முழுக்கக் கையைத் தலைக்கு மேல் தூக்கிக் கவாத்து செய்ய இளைஞர்கள் வருவதில்லை. சமவெளியில் கியோ வரிசையை அறுவடை இயந்திரம் எளிதாக முடித்துவிடும்.

எனவே என் தேர்வு இப்படி. லாங்கேயின் தெற்குச் சரிவுகளில் கியோவே இருக்கட்டும். வெயில் கடுமையானால் இலை கிள்ளுவதை நிறுத்தினாலே பாதி பிரச்சினை தீரும். கொர்வீனாவுக்கும், சொவாவேயின் வெள்ளைத் திராட்சையான கர்கானெகாவுக்கும், ட்ரென்டினோவின் நுரை ஒயின் ஷார்டனேவுக்கும் பந்தல்தான். அங்கே நன்றாகக் காய்க்கும் பழைய பந்தலைப் பிடுங்கிக் கம்பி வரிசை நடுவது பணத்தையும் கொடியையும் சேர்த்து இழப்பது. கரேமாவின் கல்தூண்களைத் தொடவே கூடாது. அப்ருட்ஸோவில் மட்டும் தோட்டத்துக்குத் தோட்டம் பதில் மாறும். குளிர்காலத்தில் போய், கவாத்து முடிந்த கொடியில் எத்தனை மொட்டு விட்டிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்த பிறகே அங்கே பந்தலை வைப்பதா எடுப்பதா என்று சொல்வேன்.