குழியை அடைப்பதா, சாலையையே புதிதாகப் போடுவதா?

கோலாலம்பூரில் செந்தூல் பக்கம் எங்கள் தாமானுக்குள், அதாவது குடியிருப்புப் பகுதிக்குள், நுழையும் வளைவில் ஒரு குழி இருக்கிறது. இந்த ஆண்டில் மட்டும் அதை மூன்று முறை அடைத்தார்கள். பெரிய மழை ஒன்று வந்தால் போதும், அடைத்தது அப்படியே பெயர்ந்துவிடும். நான் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறவன். மலேசியாவில் சாலை விபத்தில் இறப்பவர்களில் 60 விழுக்காட்டுக்கும் மேலானவர்கள் மோட்டார் சைக்கிளில் போனவர்கள்தான். ராத்திரியில் மழைத்தண்ணீர் நிரம்பிய குழி கண்ணுக்கே தெரியாது.

போன மாதக் குடியிருப்பாளர் கூட்டத்தில் மூன்று கட்சியாகப் பிரிந்து பேசினோம். குழியை உடனே அடைத்தால் போதும் என்றார் ஒருவர். முழுச் சாலையையும் உரித்துப் புதிதாகப் போட்டால்தான் தீரும் என்றார் இன்னொருவர். சிமெண்டு சாலையே போட்டுவிடலாம் என்றார் எதிர்வீட்டு அண்ணன். மூன்றிலும் நியாயம் உண்டு. ஆனால் மூன்றும் ஒரே நோய்க்கான மருந்து இல்லை.

குழி எப்படி உண்டாகிறது என்று தெரிந்தால்தான் எதைத் தேர்ந்தெடுப்பது என்று சொல்ல முடியும். தார் வெயிலில் வெந்து வெந்து வளைந்துகொடுக்கும் தன்மையை இழக்கிறது, மயிரிழை போல வெடிப்பு விடுகிறது. கோலாலம்பூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர் மழை. வெடிப்பில் இறங்கும் தண்ணீர் தாருக்கும் ஜல்லிக்கும் இடையே புகுந்து இரண்டையும் பிரித்துவிடும். இங்கே பெரும்பாலும் கருங்கல் ஜல்லிதான் போடுகிறார்கள். கருங்கல்லுக்குத் தாரைவிடத் தண்ணீரோடுதான் ஒட்டுதல் அதிகம். அதனால்தான் கலவையில் சுண்ணாம்புத் தூளோ சிமெண்டோ சேர்க்கிறார்கள். தண்ணீர் இன்னும் கீழே போய் அடித்தளத்தை ஊறவைத்தால், மேலே லாரி ஏறும் ஒவ்வொரு முறையும் அது நுண்மண்ணை இழுத்துக்கொண்டு வெடிப்பு வழியாக வெளியே பீய்ச்சும். வெடிப்பின் ஓரத்தில் சாம்பல் நிறச் சேறு படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே சாலையின் அடி காலியாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

லாரி என்று சும்மா சொல்லவில்லை. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் சோதனைக்கென்றே சாலை போட்டு, அதில் லாரிகளை இடைவிடாமல் ஓட்டிப் பார்த்தார்கள். அச்சின் மேல் விழும் பாரம் இரண்டு மடங்கானால் சேதம் ஏறத்தாழ 16 மடங்காகிறது என்ற கணக்கு அதிலிருந்து வந்தது. காரின் ஓர் அச்சில் அரை டன், லாரியின் ஓர் அச்சில் 10 டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாரம் 20 மடங்குதான், சேதமோ 160,000 மடங்கு. நம் கார்களால் சாலை கெடுவது சொற்பம்.

சரி, இப்போது மருந்துகளைப் பார்ப்போம்.

மிக மலிவானது மூட்டையில் வரும் ஆறின தார்க்கலவை. இரண்டு பேர், ஒரு சின்ன லாரி, ஒரு மண்வெட்டி, பத்தே நிமிடம். மழையிலும் போடலாம். ஒரு குழி இன்றிரவு யாரையாவது கீழே தள்ளாமல் இருக்க இதைவிட வேகமான வழி கிடையாது, அதனால் இதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தண்ணீர் நிற்கும் குழியில் கொட்டி, மண்வெட்டியால் தட்டிவிட்டுப் போனால் அது ஒட்டாது. டயர் பட்டு ஜல்லி உதிரும். உதிர்ந்த ஜல்லி வளைவில் பரவிக் கிடக்கும்போது மோட்டார் சைக்கிளுக்குக் குழியைவிட அதுவே ஆபத்து. இது முதலுதவி. முதலுதவியையே சிகிச்சையாக நினைத்ததுதான் எங்கள் வளைவின் கதை.

இதற்குப் போட்டியாக நிற்பது வெட்டி ஒட்டும் முறை. குழியைச் சுற்றி நல்ல தார் இருக்கும் இடம் வரை கோடு போட்டு, ரம்பத்தால் செங்குத்தாகச் சதுரமாக அறுக்க வேண்டும். கெட்டதையெல்லாம் தோண்டி எடுத்து, உலர்த்தி, அடியிலும் பக்கச் சுவரிலும் தார்க்குழம்பு பூசி, பிரிமிக்ஸ் எனப்படும் சூடான தார்க்கலவையைப் போட்டு, அடுக்கடுக்காக இடித்து இறுக்க வேண்டும். ஒழுங்காகச் செய்தால் ஆண்டுக்கணக்கில் நிற்கும். அப்படியானால் ஏன் எல்லா இடத்திலும் இதைச் செய்வதில்லை? பிரிமிக்ஸ் ஆலையிலிருந்து ஏறத்தாழ 150 பாகை செல்சியஸ் சூட்டில் வருகிறது. சூடு ஆறுவதற்குள் உருட்டி முடித்தாக வேண்டும். ஒரே ஒரு குழிக்காகக் கொஞ்சம் வாங்கினால் வழியிலேயே ஆறிப்போகும். ஒரு தாமானில் உள்ள பத்துப் பன்னிரண்டு குழிகளைச் சேர்த்து ஒரே நாளில் முடித்தால்தான் கட்டுப்படியாகும். புகார் வரும் குழியை மட்டும் தேடிப்போய் அடைக்கும் வழக்கத்தில் இந்தக் கணக்கு ஒத்துவராது.

அடுத்து, முழுச் சாலையையும் உரித்துப் போடுவது. மேலே 50 மில்லிமீட்டர் அளவுக்குச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிய அடுக்கு போடுவார்கள். பார்க்கப் பளபளப்பாக இருக்கும், வண்டி வழுக்கிக்கொண்டு போகும். தார் கிழடானதுதான் பிரச்சினை என்றால் இதுவே சரியான மருந்து. அடித்தளம் ஊறிப்போயிருந்தால், பழைய வெடிப்பு அதே கோட்டில் புதுத் தாரைக் கிழித்துக்கொண்டு மேலே வரும். சுரண்டாமல் பழையதன் மேலேயே இன்னோர் அடுக்கைப் போடுவது இன்னும் மோசம். சாலை உயர்கிறது, லோங்காங்குக்கு, அதாவது சாலையோர வடிகாலுக்கு, தண்ணீர் இறங்கும் வாய் மூடிக்கொள்கிறது, மழைத்தண்ணீர் வீட்டு கேட்டுக்குள் வருகிறது. பாதாளச் சாக்கடை மூடி மட்டும் பழைய மட்டத்திலேயே நின்று, அதுவே ஒரு குழியாகிவிடுகிறது. கோலாலம்பூரில் மோட்டார் ஓட்டுகிற யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

சிமெண்டு சாலையைப் பற்றி: டோல் சாவடியில் லாரிகள் நின்று நின்று புறப்படும் இடத்தில் கான்கிரீட்தான் போடுகிறார்கள். தார் அந்த இடத்தில் பிதுங்கிப் பள்ளமாகும், கான்கிரீட் அசையாது. பஸ் நிற்கும் இடத்துக்கும் அது பொருந்தும். எங்கள் தாமானுக்கு வேண்டாம். தண்ணீர்க் குழாய்க்காக ஒருமுறை உடைத்தால் முன்போல் ஒட்டவைப்பது பெரும்பாடு.

இன்னொரு வழியும் உண்டு, சொல்லும்போதே எனக்கு மனம் இளகும். தாரில் ரப்பர் கலப்பது. ரப்பர் தோட்டத்தில் என் பாட்டி பால்மரத்தைக் கீறிவிட்டு, கோப்பையில் உறைந்த கட்டிப்பாலை வாளியில் சேர்த்துக்கொண்டு வருவாராம். அதே கட்டிப்பாலைத் தாரோடு கலக்கும் முறையை மலேசிய ரப்பர் வாரியம் உருவாக்கியிருக்கிறது. துறைமுக, தொழிற்பேட்டைச் சாலைகளில் இதைப் பயன்படுத்த 2019 வரவு செலவுத் திட்டத்தில் 10 கோடி ரிங்கிட் ஒதுக்கினார்கள். ரப்பர் கலந்த தார் சக்கரத் தடத்தில் அவ்வளவு சீக்கிரம் பள்ளம் விழாது, வெடிப்பும் தாமதமாகும். சாதாரணத் தாரைவிட விலை கூட. கனரக லாரி ஓடும் சாலைக்கு அந்தக் கூடுதல் செலவு தகும். கார் மட்டும் ஓடும் தாமான் சாலைக்கு அது தேவைக்கு மீறியது.

மறுபடி எங்கள் வளைவுக்கு வருகிறேன். இரண்டு ஆண்டுக்கு முன் அங்கே குறுக்கே குழாய் புதைக்கத் தோண்டினார்கள். குறுகலான பள்ளத்துக்குள் பெரிய உருளை இறங்காது. சின்ன இயந்திரத்தால் ஒவ்வோர் அடுக்காக இறுக்க வேண்டும். அன்று நான் பார்த்தேன், மணலை ஒரே தடவையில் கொட்டி மூடினார்கள். முதல் மழைக்காலத்திலேயே அது அமுங்கியது. பக்கத்து லோங்காங்கில் இலையும் பிளாஸ்டிக்கும் அடைத்துக்கொண்டு, அமுங்கிய இடத்தில் தண்ணீர் தேங்கியது. அந்தத் தண்ணீர் அங்கே நிற்கும்வரை மூட்டைக் கலவையும் தாங்காது, ரப்பர் தாரும் தாங்காது.

அதனால் என் தேர்வு வெட்டி ஒட்டும் முறைதான், ஆனால் குழி அளவுக்கு இல்லை. குழாய் போன கோடு முழுவதையும், சாலையின் முழு அகலத்துக்கும் திறந்து, அடியிலிருந்து இறுக்கி வர வேண்டும். லோங்காங்கை அதற்கு முன்பே சுத்தம் செய்ய வேண்டும். முழுச் சாலையையும் உரிக்கும் பணத்தில் இந்த மாதிரிப் பல இடங்களைச் சரிசெய்யலாம்.

யாரிடம் கேட்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். கூட்டரசுச் சாலை, அதாவது மத்திய அரசின் சாலை என்றால் பொதுப்பணித் துறை, மாநகரச் சாலை என்றால் மாநகர் மன்றம், டோல் சாலை என்றால் அதை நடத்தும் நிறுவனம். பொதுப்பணி அமைச்சு 2023இல் தொடங்கிய மைஜாலான் செயலியில் படத்தோடு புகார் கொடுக்கலாம். நான் இந்த முறை குழியை மட்டும் படம் எடுக்கவில்லை. அமுங்கிய கோடு முழுவதையும், அடைத்துக்கொண்ட லோங்காங்கையும் சேர்த்து எடுத்திருக்கிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எதிர்வீட்டு அண்ணனிடமும் அந்தப் படங்களைக் காட்டிவிட்டு அனுப்பப் போகிறேன்.